பூங்காவனத்துக்காக மேடை ஏறினேன்

காஜா பேராங், மலாக்கா
4 நவம்பர் 1957

என் அன்பு மகள் ஹெப்சிபாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். அந்தக் குளிர் தேசத்தில் ஒரு சளி இருமல்கூட அண்டாமல் ஆண்டவர் உன்னைக் காத்து வருகிறார் என்ற நம்பிக்கையோடு பேனாவை எடுத்திருக்கிறேன். இங்கே அப்பாவும் நானும் அவருடைய கிருபையால் நலம். அப்பாவுக்கு மட்டும் மழை தொடங்கியதும் முழங்கால் வலி வந்திருக்கிறது, ஆஸ்பத்திரியிலேயே காயத்துக்கு மருந்து கட்டுகிற டிரஸர் வேலை பார்த்துக்கொண்டு தன் காலுக்கு மருந்து போட மறுக்கிறவரை என்ன செய்வது. சமையலறைக் கூரை மறுபடியும் ஒழுகுகிறது, வாளியை வைத்துச் சமாளிக்கிறேன். நீ நட்ட ரம்புத்தான் இந்த வருஷமும் காய்க்கவில்லை. இதையெல்லாம் சும்மா எழுதுகிறேன், நீ எதற்குக் காத்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. முதலில் வாசலில் நின்றபடியே படித்தேன், பிறகு உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். உனக்குப் பேசியிருக்கிற மாப்பிள்ளை, தேவதாஸ் ஐயாவின் மகன், உனக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டதாகவும், உன் அம்மா கோயில் பக்கத்தில் கூத்துக்காரர்களோடு மேடை ஏறியதைப் படித்து உனக்கு வெட்கமாய்ப் போய்விட்டதாகவும், சபைக் கமிட்டி கேட்கிறபடி ஒரு வரி மன்னிப்பு எழுதிக் கொடுத்துவிட்டால் கல்யாணப் பேச்சும் முறியாது, எல்லாருக்கும் நிம்மதி என்றும் எழுதியிருக்கிறாய். கடைசியில் "அம்மா, எனக்காக" என்று எழுதி அடியில் கோடு வேறு போட்டிருக்கிறாய். மகளே, உனக்காக நான் எதை வேண்டுமானாலும் செய்வேன், இதை மட்டும் செய்யமாட்டேன். பதிலை முதலிலேயே சொல்லிவிட்டேன், கடிதத்தின் கடைசி வரைக்கும் நீ தேடிக்கொண்டு போகவேண்டாம். இனி நடந்ததை என் வாயால் கேள். நீ இதுவரை கேட்டது எல்லாம் அந்த வீட்டு வாயால் வந்தது.

அந்தக் குழந்தையின் பெயர் பூங்காவனம். நீ கப்பலேறிய பிறகுதான் அவர்கள் நம் வீட்டுக்கு எதிரே, பெரிய வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் குடிவந்தார்கள், அதனால் உனக்குத் தெரியாது. தகப்பன் பொன்னுதுரை தண்ணீர்க் குழாய் பதிக்கிற வேலை, தாய் சீதா, இந்துக்கள், ரப்பர் தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு வந்தவர்கள். ஒரே பிள்ளை. எட்டு வயது என்று சொன்னால் நம்பமாட்டாய், ஐந்து வயதுப் பிள்ளையின் உடம்பு. ஆனால் வாய் இருக்கிறதே, கோர்ட்டில் வாதாடுகிறவர்கள் தோற்றுப்போவார்கள். நம் வீட்டுப் படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கும், மூச்சு வாங்கிக்கொண்டே என் குழம்பில் என்ன குறை என்று சொல்லும். "பாட்டியம்மா"வும் இல்லை, "அத்தை"யும் இல்லை, என்னை "டீச்சர்" என்றுதான் கூப்பிட்டது, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் கூப்பிடுவதைக் கேட்டுவிட்டு. ஒரு நாள் காய்ச்சலோடு கிடந்த பிள்ளையைப் பார்க்க அப்பா போனார். நெஞ்சில் கை வைத்துப் பார்த்தவர் கையை எடுக்கவே இல்லை. உள்ளே பூனை உறுமுகிற மாதிரி அதிர்கிறது என்று வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னார், அவர் முகமே சரியில்லை. மறுநாள் தானே தூக்கிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டரிடம் காட்டினார். பிறந்தவுடன் மூடிக்கொள்ள வேண்டிய ஒரு ரத்தக் குழாய் இந்தப் பிள்ளைக்கு மூடவே இல்லையாம், இதயத்துக்குப் பக்கத்தில். நீ நர்ஸுக்குப் படிக்கிறவள், அதன் பெயர் உனக்குத் தெரிந்திருக்கும். சிங்கப்பூரில் நெஞ்சைத் திறந்து அதைக் கட்டிவிடுகிறார்களாம். கட்டாவிட்டால் அதிக நாள் தாங்காது என்று டாக்டர் சொன்னாராம். அதை அப்பா சீதாவுக்குத் தமிழில் சொன்னபோது நான் பக்கத்தில் இருந்தேன். அவள் அழவில்லை. "சிங்கப்பூருக்கு எந்த பஸ் போகுது அண்ணே?" என்று கேட்டாள்.

போய்ச் சேருவது ஒன்று, அங்கே மாசக்கணக்கில் தங்கி வைத்தியம் பார்ப்பது இன்னொன்று. அந்த வீட்டில் விற்க ஒன்றும் இல்லை. நான் நேரே நம் சபைக் கமிட்டிக்குத்தான் போனேன், வேறு எங்கே போவேன், முப்பது வருஷமாய் நான் கும்பிடுகிற இடம். தேவதாஸ் ஐயா தலைமை தாங்கினார். எல்லாவற்றையும் பொறுமையாய்க் கேட்டுவிட்டு, "பாவம்தாம்மா, ஆனா நம்ம சபைப் பிள்ளை இல்லையே" என்றார். மணிக்கூண்டு கட்டும் வேலை பாதியில் நிற்கிறதாம், அதற்கென்று கொடுத்ததை வேறு காரியத்துக்குத் தொடக்கூடாதாம். "ஜெபத்துல வச்சுக்குவோம்" என்றார். போதகர் ஐயா மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நல்ல மனுஷன்தான், ஆனால் கமிட்டி இருமினால் அவருக்கு ஜலதோஷம் பிடிக்கும்.

அந்த வாரமே யூனுஸ் பாய், முனையில் தேநீர்க்கடை வைத்திருப்பாரே, அவர் அப்பாவிடம் வந்தார். மெர்டேக்கா சுதந்திரக் கொண்டாட்டத்துக்குக் கம்போங் செட்டிப் பக்கத்துத் திடலில் போட்ட மேடை இன்னும் பிரிக்காமல் நிற்கிறது, பலகைக்காரரிடம் பேசிவிட்டேன், ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அதில் கலைநிகழ்ச்சி வைத்துப் பிள்ளைக்காக வசூல் பண்ணுவோம் என்றார். அவருக்கு அந்தப் பிள்ளை யார்? கடைக்கு வந்து பிஸ்கட் வாங்குகிற பிள்ளை, அவ்வளவுதான். செட்டிமார் டொண்டாங் சாயாங் என்கிற மலாய்ப் பாட்டைப் பாட ஒத்துக்கொண்டார்கள், போர்த்துகீசிய வம்சத்துச் செரானிக்காரர் ஒருவர் அக்கார்டியன் வாசிக்க வருகிறார், பொன்னுதுரையோடு வேலை செய்கிறவர்கள் சிலம்பம் ஆடுகிறார்கள் என்று அடுக்கிக்கொண்டே வந்து, என்னைப் பார்த்தார். "பாட்டுக்காரங்க கிடைச்சுட்டாங்க லா அக்கா. கதை சொல்றதுக்கு உங்கள விட்டா இந்த ஊர்ல யாரு இருக்கா?" என்றார். உனக்குத் தெரியும், தோட்டம் தோட்டமாய்ப் போய்ப் பாட்டும் வசனமுமாய் வேதக் கதை சொன்னவள் நான், அப்பா பக்கத்தில் ஆர்மோனியத்தோடு. அதெல்லாம் சபை அனுப்பிப் போனது. இதற்குச் சபை அனுப்பாது என்று எனக்கு அப்போதே தெரியும். சரி என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம் என்று அப்பா பிறகு சொன்னார். யோசித்தால் என்ன வேறு பதில் வந்திருக்கும்?

செய்தி பரவியதும் தேவதாஸ் ஐயா வீட்டுக்கே வந்தார். காப்பி குடித்தார், உன்னைப் பற்றி விசாரித்தார், பிறகு விஷயத்துக்கு வந்தார். கோயில் மணி கேட்கிற இடத்தில், கூத்தாடிகளுக்கு நடுவில், ஒரு கிறிஸ்தவப் பெண் வேதத்தை எடுத்துச் சொல்வதாவது என்றார். நாளைக்குச் சம்பந்தம் பண்ணப்போகிற வீடு, நாலு பேர் என்ன பேசுவார்கள் என்றார். நான் கேட்டேன், "ஐயா, நம்ம ஆண்டவர் கதை சொன்னது எந்தக் கட்டடத்துக்குள்ள?" என்று. கடற்கரையில் சொன்னார், வயல் வரப்பில் சொன்னார், வரி வசூலிக்கிறவன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சொன்னார். அவர் அப்பாவைப் பார்த்து, "ஆசீர்வாதம், நீங்க கொஞ்சம் சொல்லக்கூடாதா?" என்றார். அப்பா, "நான் சொல்லலாம் ஐயா, அவ கேக்கணுமே" என்று சொல்லிவிட்டுக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஆனால் ஒன்றை மறைக்காமல் எழுதுகிறேன், அப்பா அன்றைக்கு என்னோடு மேடைக்கு வரவில்லை. ஆலயத்தில் ஆர்மோனியம் வாசிக்கிற பொறுப்பு அவருக்கு உயிர், அதை எடுத்துவிடுவார்களோ என்று பயந்தார். நான் வற்புறுத்தவில்லை. அவரவர் பயம் அவரவர்க்கு.

அந்தச் சனிக்கிழமை மழை வராமல் இருந்ததே பெரிய காரியம். மெர்டேக்காவுக்குக் கட்டிய காகிதக் கொடிகள் நனைந்து வெளுத்துத் தொங்கிக்கொண்டிருந்தன, யாரோ புதிதாய்ச் சிலவற்றை நடுவில் செருகியிருந்தார்கள். சீனர்கள், மலாய்க்காரர்கள், நம்மவர்கள், எல்லாரும் பாய் கொண்டுவந்து போட்டு உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் செட்டி வீட்டுப் பெண்கள் சாரோங் கெபாயா கட்டிக்கொண்டு வெற்றிலைப் பெட்டியோடு. பூங்காவனத்தைச் சீதா மடியில் வைத்திருந்தாள், அது இறங்கிப் போய் எல்லாரையும் வரவேற்கவேண்டும் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தது. என் முறை வந்ததும் வெள்ளைச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினேன். நான் எடுத்துக்கொண்டது, மகள் சாகக் கிடக்கிறாள் என்று ஆண்டவர் காலில் வந்து விழுந்த அந்தத் தகப்பனின் கதை. கூட்டம் வழியை அடைக்கிறது, தகப்பன் துடிக்கிறான், அதற்குள் வீட்டிலிருந்து ஆள் வந்து, பிள்ளை இறந்துவிட்டது, இனி போதகரை ஏன் தொந்தரவு பண்ணுகிறாய் என்கிறான். அதுவரை தமிழில்தான் சொன்னேன், பாடினேன். தமிழ் ஜனங்கள் அசையாமல் கேட்டார்கள். ஆனால் என் காலடியில் உட்கார்ந்திருந்த செட்டிப் பெண்களுக்குத் தமிழ் புரியவில்லை. தலைமுறை தலைமுறையாய் இங்கேயே ஊறிப்போனவர்கள், பெயரெல்லாம் நம் பெயர், கும்பிடுவது இந்துச் சாமிகளை, பேசுவது மலாய். அவர்கள் மரியாதைக்காக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. பாட்டை அப்படியே நிறுத்தினேன், "மாஃப்" என்று அவர்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுச் சந்தையில் பேசுகிற மலாயில் கதையை முதலிலிருந்து சொன்னேன். என் மலாய் எப்படி என்று உனக்குத் தெரியும், நீ சின்னப் பிள்ளையாய் இருக்கும்போது சிரிப்பாய். அன்றைக்கும் சிரித்தார்கள், தகப்பன் ஓடிவருகிற இடத்தில் நான் தப்பாய் ஒரு சொல்லைப் போட்டுவிட்டேன், திடலே சிரித்தது, நானும் சிரித்தேன். பிறகு மேலே போனேன். ஆண்டவர் அந்த வீட்டுக்குள் போகிறார், ஒப்பாரி வைக்கிறவர்களை வெளியே அனுப்புகிறார், பிள்ளையின் கையைப் பிடிக்கிறார். எழுந்திரு மகளே என்பதை "பாங்குன், நாக்" என்று சொன்னேன். அதைத் தமிழில் ஒரு அடியாகவும் மலாயில் ஒரு அடியாகவும் நானே கோத்துப் பாடினேன். செட்டிமார் வயலின்காரர் என்னைக் கேட்காமலே பின்னால் வில்லைப் போட்டு என் சுருதியைப் பிடித்துக்கொண்டார், ரெபானா மேளம் மெதுவாய்ச் சேர்ந்தது. உன் அம்மா கூத்தாடிகளோடு பாடினாள் என்று எழுதியிருக்கிறார்களே, ஆமாம், பாடினேன். ஆலயத்தில் எத்தனையோ வருஷம் பாடியிருக்கிறேன், ஆண்டவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று அன்றைக்குத் தெரிந்ததுபோல் எனக்கு என்றும் தெரிந்ததில்லை. முடித்ததும் பாக்கியலட்சுமி என்று ஒரு செட்டி வீட்டு அம்மா, என்னைவிட மூத்தவர், ஏணியில் ஏற முடியாமல் ஏறிவந்து, "பாகுஸ், பாகுஸ்" என்று பாராட்டித் தன் கையால் கட்டிய மல்லிகைச் சரத்தை என் கழுத்தில் போட்டார். வசூல் பெட்டிகளை யூனுஸ் பாய் சுமக்க முடியாமல் சுமந்து போனார். வீட்டுக்கு வந்தால் அப்பா வாசலிலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். ஒலிபெருக்கி இங்கே வரைக்கும் கேட்டதாம். "மலாய்ல அந்தச் சொல்லு தப்பு" என்றார். ஆனால் கண் சிவந்திருந்தது.

அடுத்த வாரமே கமிட்டி என்னைக் கூப்பிட்டது. ஆண்கள் எல்லாம் ஒரு பக்கம், நான் ஒரு நாற்காலியில் தனியாக. அஞ்ஞானிகளின் மேடையில் வேதத்தைக் கேலிப்பொருளாக்கினீர்களா என்று கேட்டார்கள். சிரித்தார்கள், கேலி செய்யவில்லை என்றேன். மாலை வாங்கினீர்களா என்றார்கள். வாங்கினேன், கழுத்தில் போட்டுக்கொண்டேன், வீட்டுக்கு வந்து தண்ணீர் தெளித்து வைத்தேன், மறுநாளும் வாசம் இருந்தது என்றேன். ஒருவர் சிரிப்பை அடக்க இருமினார். தேவதாஸ் ஐயாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அக்டோபர் முடிவதற்குள் மன்னிப்பு எழுதித் தரவேண்டும், தராவிட்டால் அப்பமும் ரசமும் வாங்குகிற திருவிருந்தில் எனக்குப் பங்கு இல்லை என்று தீர்மானம் போட்டார்கள். நான் எழுந்து நின்று, "எந்தப் பாவத்துக்குன்னு எழுதணும் ஐயா? பேரைச் சொல்லுங்க, எழுதுறேன்" என்றேன். அவர்களுக்குள் பார்த்துக்கொண்டார்கள். பெயர் இன்றுவரை கிடைக்கவில்லை.

இப்போது எழுதக் கஷ்டமான இடத்துக்கு வருகிறேன். அக்டோபர் தொடக்கத்தில் அவர்கள் மூன்று பேரும் தம்பின் போய் ரயிலேறினார்கள். பூங்காவனம் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, திரும்பி வந்ததும் வாய்க்காலை ஒரே ஓட்டமாய்த் தாண்டிக் காட்டுகிறேன் என்று என்னிடம் பந்தயம் கட்டிவிட்டுப் போனது. ஆபரேஷன் நல்லபடியாய் முடிந்தது என்று தந்தி வந்தது. யூனுஸ் பாய் அன்றைக்குக் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் சும்மா தேநீர் கொடுத்தார். ஒரு வாரம் கழித்து இன்னொரு தந்தி. நுரையீரலில் சளி கட்டிக் காய்ச்சல் கண்டதாம், டாக்டர்களும் நர்ஸுகளும் ராப்பகலாய்ப் பார்த்தார்களாம், யாரையும் குறை சொல்ல முடியாது என்று பொன்னுதுரையே சொன்னார். அங்கேயே அடக்கம் செய்துவிட்டு இரண்டு பேராய்த் திரும்பி வந்தார்கள். நான் அவர்கள் வீட்டுக்குப் போகப் பயந்தேன். அந்தத் தாய் முன்னால் உட்கார்ந்து, இறந்த பிள்ளை எழுந்தது என்று பாடியவள் நான், என்ன முகத்தோடு போவேன்? சீதாவே வந்தாள். சமையலறைத் தரையில் உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரியில் பிள்ளை தினமும் அந்தக் கதையைச் சொல்லச் சொன்னதாம், இவள் பாதி மறந்துவிட்டாளாம், தப்புத் தப்பாய்ச் சொன்னதற்குப் பிள்ளை கோபித்துக்கொண்டதாம். "முழுசா எனக்கு ஒருவாட்டி சொல்லுங்கக்கா, நான் சரியா தெரிஞ்சுக்கணும்" என்றாள். சொன்னேன். முடிவை மாற்றாமல், ஒரு எழுத்தும் விடாமல், அந்தப் பிள்ளை எழுந்து உட்கார்ந்து சாப்பிட்டது வரைக்கும் சொன்னேன். சீதா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு முழுவதும் கேட்டாள். கேட்டுவிட்டு, "இத நான் நம்புறேனான்னு கேக்காதீங்க" என்றாள். நான் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை. இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்து அழுதோம், அடுப்பில் சோறு குழைந்து போனது.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே நிற்கும்போது தேவதாஸ் ஐயா, எனக்குக் கேட்கிற மாதிரியே இன்னொருவரிடம் சொன்னார், கர்த்தர் அந்தக் காணிக்கையை ஏற்றுக்கொள்ளவில்லை என்பது இப்போது தெரிந்துவிட்டது என்று. உன் வருங்கால மாமனார் சொன்னதை நான் வார்த்தை மாறாமல் எழுதியிருக்கிறேன். எனக்குப் பொறுமை அவ்வளவுதான். எல்லார் முன்னாலும் அவர் எதிரில் போய் நின்றேன். "ஐயா, நான் ஆண்டவர்கிட்ட பேரம் பேசப் போகல. பாட்டைக் குடுத்துப் பிள்ளையை வாங்க அவர் கடை வச்சிருக்காரா? அந்தப் பிள்ளை பிழைச்சிருந்தாலும் நான் செஞ்சது இதேதான், செத்துப்போனாலும் இதேதான். ஒரு எட்டு வயசுப் பிள்ளை செத்ததை உங்க தீர்மானத்துக்குச் சாட்சியா கூப்பிடாதீங்க" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். போதகர் ஐயா குடையை விரித்துக்கொண்டு மழையே இல்லாத வெயிலில் போய்விட்டார். அன்றைக்குச் சாயங்காலம்தான் அவர்கள் வீட்டிலிருந்து சம்பந்தப் பேச்சை நிறுத்தி வைப்பதாக ஆள் வந்தது.

இன்னொன்றையும் நீ பிறர் எழுதித் தெரிந்துகொள்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். வசூலில் மிஞ்சியதைப் பொன்னுதுரை கொண்டுபோய் யூனுஸ் பாயிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். குருபோங்கில் ஒரு சீனக் குழந்தை, இளம்பிள்ளை வாதத்தில் இரண்டு காலும் விழுந்துவிட்டது, அதற்கென்று டிசம்பரில் மறுபடி மேடை போடுகிறார்கள். என்னைக் கேட்டார்கள். மறுபடி ஏறினால் சபைப் புத்தகத்திலிருந்தே என் பெயரை எடுத்துவிடுவோம் என்று கமிட்டி சொல்லியனுப்பியிருக்கிறது. நான் ஏறப்போகிறேன். இந்த முறை மலாயை முன்கூட்டியே பழகுகிறேன், பாக்கியலட்சுமி அம்மா வீட்டுக்குப் போய் வருகிறேன், அவர் என் உச்சரிப்பைத் திருத்திவிட்டு வாய் நிறைய வெற்றிலையோடு சிரிக்கிறார்.

உன் கல்யாணத்தைப் பற்றி ஒரே வார்த்தை. அந்தப் பிள்ளை கெட்டவன் என்று நான் சொல்லவில்லை. தகப்பன் பேச்சுக்குத் தலையாட்டுகிறானா, தனக்கென்று ஒரு தலை வைத்திருக்கிறானா என்பதை நீதான் அவனிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். உனக்கு அவனைப் பிடித்திருந்தால் கட்டிக்கொள். மூன்றாவது வரிசையில் உட்கார வைத்தாலும் நான் வந்து உட்கார்ந்து உன்னை ஆசீர்வதிப்பேன். ஆனால் என் கையெழுத்தைச் சீர்வரிசையாகக் கேட்கிற வீட்டில் நாளைக்கு உன்னிடம் எதைக் கேட்பார்கள் என்று யோசித்துப் பார். நீ அங்கே வார்டில் வெள்ளைக்காரர், கறுப்பர், குடிகாரர் என்று பார்த்தா காயம் கட்டுகிறாய்? இவர் எங்கள் சபை இல்லை என்று யாரையாவது விட்டுவிட்டு வந்தாயா? வரமாட்டாய், நான் வளர்த்த பிள்ளை. அப்படியிருக்க என்னைப் பார்த்து வெட்கப்படுகிறேன் என்று எப்படி எழுதினாய்? கோபத்தில் கேட்கவில்லை, கொஞ்சம் கோபத்தில்தான் கேட்கிறேன்.

நேற்று மாதத்தின் முதல் ஞாயிறு, திருவிருந்து ஆராதனை. வீட்டிலேயே இருந்துவிடு என்று எல்லாரும் ஜாடையாய்ச் சொன்னார்கள். போனேன். எல்லாரும் எழுந்தபோது நானும் எழுந்து முன்னால் போய் மற்றவர்களோடு முழங்கால் போட்டேன். போதகர் ஐயா அப்பத் தட்டோடு வரிசையாய் வந்தார், என்னிடம் வந்ததும் அவர் கை நின்றது. தேவதாஸ் ஐயா பக்கம் ஒருமுறை பார்த்தார். என்னைத் தாண்டி அடுத்தவரிடம் போய்விட்டார். என் பக்கத்தில் இருந்தவர்கள் வாங்கிக்கொண்டு எழுந்து போனார்கள், அடுத்த வரிசை வந்தது, அதுவும் போனது, நான் எழுந்திருக்கவில்லை. எல்லாரும் முடித்துவிட்டார்கள், நான் மட்டும் அங்கே. எல்லாரும் இடத்துக்குத் திரும்பும் வரைக்கும் அப்பா ஆர்மோனியத்தில் பாட்டு வாசிக்கவேண்டும், கடைசி ஆள் உட்கார்ந்ததும் நிறுத்தவேண்டும், பாட்டு நின்றால்தான் போதகர் ஜெபத்தைத் தொடங்க முடியும், அதுதான் வழக்கம். அப்பா நிறுத்தவில்லை. கடைசி அடி முடிந்ததும் திரும்ப முதல் அடிக்குப் போனார். பாடிக்கொண்டிருந்தவர்கள் குழம்பி நிறுத்திவிட்டார்கள், அவர் வாசித்துக்கொண்டே இருந்தார். தேவதாஸ் ஐயா கையைக் காட்டினார், அப்பா கட்டைகளை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. ஹெப்சி, நான் திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் பின்னால் ஒரு பெண்குரல் அந்தப் பாட்டை எடுத்தது, பிறகு இன்னொன்று, பெண்கள் பக்கம் பாதி பேருக்கு மேல் பாடினார்கள். போதகர் ஐயா தட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். அவர் கண்ணில் தண்ணீர் இருந்தது, ஆனாலும் கொடுக்கவில்லை. என் கால் மரத்துப்போன பிறகு, நானாக, யாரும் சொல்லாமல் எழுந்து என் இடத்துக்குப் போனேன். அப்போதுதான் அப்பா நிறுத்தினார். இரண்டு பேரும் வீட்டுக்கு நடந்து வந்தோம். வாய்க்கால் பாலம் தாண்டும்போது அப்பா நின்று முழங்காலைத் தடவிக்கொண்டே, "அடுத்த மாசத்துக்கு நீளமான பாட்டாப் பாத்து எடுத்து வைக்கிறேன், இது சின்னது" என்றார்.

ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, உன் கைபட்ட நோயாளிகளுக்குச் சுகத்தையும் உனக்கு நல்ல புத்தியையும் தைரியத்தையும் தருவாராக. கம்பளிக் காலுறையை ஈரத்தோடு போட்டுக்கொள்ளாதே, நைட் டியூட்டி முடிந்து சாப்பிடாமல் தூங்காதே. ஊறுகாய்ப் புட்டியை நன்றாய் மெழுகு வைத்து மூடி அனுப்பியிருக்கிறேன், வந்து சேர்ந்ததா என்று எழுது. கோபமாய் இருந்தாலும் எழுது, எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன்னைச் சுமந்து பெற்றவள்,
கிருபாவதி ஆசீர்வாதம்